கம்பம்மெட்டுச் சாலையும் காக்கக்கூடிய உயிர்களும்

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே நோக்குவோர்க்கு மலைத்தொடர் ஒரு நெடுஞ்சுவர்போலத் தோன்றும். அச்சுவரைத் தாண்டிக் கேரளத்துக்குள் செல்ல வாகனங்களுக்கு மூன்று வாயில்கள் உண்டு. தெற்கே குமுளி, வடக்கே போடிமெட்டு, இரண்டுக்கும் நடுவே கம்பம்மெட்டு. கீழே திராட்சைப் பந்தலும் தென்னந்தோப்பும் நெல்வயலுமாக விளங்கும் நிலம், கொண்டை ஊசி வளைவுகள் பலவற்றைக் கடந்து மேலேறியதும் ஏலத்தோட்டமாகவும் மிளகுக் கொடியாகவும் மாறிவிடுகிறது. வெயிலின் வெம்மை நீங்கி மூடுபனியின் குளிர் வந்து தழுவுகிறது. உச்சியில் சோதனைச் சாவடி. அதன் இப்புறம் தேனி மாவட்டம். அப்புறம் இடுக்கி மாவட்டம். பேச்சு மட்டும் அந்தக் கோட்டில் நின்றுவிடுவதில்லை. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை வரையிலும் தமிழ் ஒலித்துக்கொண்டே செல்கிறது.

இச்சாலையில் விடியுமுன்பே ஜீப்புகள் ஏறத் தொடங்கிவிடும். கம்பத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் சேர்ந்த ஆடவரும் பெண்டிரும், பெரும்பாலும் பெண்டிரே, ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர். அந்தி சாயும் வேளையில் அதே ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து இறங்குகின்றனர். இவர்களைத் தவிர காய்கறி ஏற்றிய லாரிகளும், சபரிமலைப் பருவத்தில் பக்தர்களின் வாகனங்களும் மலைச்சாலைகளை நிறைக்கின்றன. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் இரவு, அண்டையிலுள்ள குமுளி மலைச்சாலையில், சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த தேனி மாவட்டத்து ஐயப்ப பக்தர்களின் வாகனம் பள்ளத்தில் வீழ்ந்து எண்மர் மாண்டனர். அச்செய்தியை வெளி மாநிலங்களில் இருந்தபடி படித்த நம்மவர் பலர், அது நம் ஊர்ச் சாலை அல்லவா என்று திடுக்கிட்டிருப்பர்.

இத்தகைய நிகழ்ச்சியை நாம் 'விபத்து' என்கிறோம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இச்சொல்லின்மீது சிறிது மனக்குறை உண்டு. சொல் பிழையானதன்று. ஆனால் அதனைக் கேட்டவுடன் விதி, தலையெழுத்து, வேளை என்னும் எண்ணங்கள் தாமே வந்து ஒட்டிக்கொள்கின்றன. வாகனம் கவிழ்ந்த கணத்திலேயே யாவும் முடிந்துவிட்டதுபோல நாம் கையைக் கட்டிக்கொள்கிறோம். உண்மையில் அக்கணத்தில் முடிந்துபோவது ஒரு பகுதியே.

அமெரிக்க அறுவை மருத்துவரான டிரங்கி என்பார், காயத்தால் நேரும் மரணங்களை 1983-இல் மூன்று அலைகளாகப் பிரித்துக் காட்டினார். ஏறக்குறையப் பாதிப் பேர் மோதிய இடத்திலேயே, சில நிமிடங்களுக்குள், மூளையோ பெருங்குழாயோ சிதைந்து இறக்கின்றனர். மற்றொரு பகுதியினர், நூற்றுக்கு முப்பதின்மர் அளவில், அடுத்துவரும் சில மணி நேரத்தில் இறக்கின்றனர். எஞ்சியோர் நாட்களோ வாரங்களோ கழித்து, சீழினாலும் உறுப்புகள் செயலிழப்பதாலும் மடிகின்றனர். இவ்விகிதம் நாட்டுக்கு நாடு வேறுபடுவது பின்னர் வந்த ஆராய்ச்சிகளால் தெரியவந்தது. ஆயினும் நடு அலையைப் பற்றிய கருத்து மாறவில்லை. முதல் அலையைத் தடுப்பவை நல்ல சாலை, தடுப்புச் சுவர், தலைக்கவசம், இருக்கைப் பட்டி, நிதானமான வேகம் ஆகியவை. நடு அலையைத் தடுப்பவை காலமும் கைத்திறனும். நாம் இங்கே பேச விழைவது அந்த நடு அலையில் சிக்கியோரைப் பற்றியே.

கம்பம்மெட்டின் இரு புறத்துக் கணக்கையும் ஒப்பிட்டு நோக்கினால் வியப்பு உண்டாகிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின, மாண்டோர் 17,884. இந்திய மாநிலங்களில் அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கே. அதே ஆண்டில் கேரளத்தில் 43,910 விபத்துகளில் மாண்டோர் 4,317. அதாவது நம் பக்கத்தில் ஏறத்தாழ நான்கு விபத்துக்கு ஓர் உயிர். அப்பக்கத்தில் பத்து விபத்துக்கு ஓர் உயிர். இதனைக் கண்டு கேரள மருத்துவம் நம்முடையதைவிட இரண்டரை மடங்கு மேலானது என்று முடிவு கட்டுவது அவசரமாகும். சிறு மோதல்களும் அங்கே தவறாது பதிவாகலாம். வீடும் கடையும் இடைவெளியின்றித் தொடரும் வளைந்த சாலைகளில் வேகமும் குறைவு. தமிழ்நாட்டிலோ நாற்கரச் சாலைகள் நேராகவும் நீளமாகவும் ஓடுகின்றன. அங்கு மோதும் வாகனம் மெல்ல மோதுவதில்லை. எனினும், மருத்துவமனை எட்டும் தொலைவில் இருப்பதும் இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு வகிக்கிறது என்றே நாம் கருதுகிறோம். நாடு முழுவதிலும் அவ்வாண்டு மாண்டோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460-க்கும் மேல்.

இனி, வாகனம் கவிழ்ந்தபின் மனித உடலில் நடப்பது யாது என்பதைப் பார்ப்போம். வளர்ந்த மனிதனிடம் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் இரண்டு லிட்டர் வெளியேறினால் உயிருக்குப் பேராபத்து. தொடை எலும்பு முறிந்தால், தோல் கிழியாமலேயே, ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் தசைக்குள் தேங்கிவிடக்கூடும். வயிற்றுக்குள் மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்தால் வெளியில் ஒரு துளியும் காணப்படாது. ஆகையால் 'இரத்தமே இல்லை, ஒன்றுமில்லை' என்று சொல்லி உட்கார வைத்துவிடுவது பெரும் பிழை. முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, நாடி விரைந்து, பேச்சு குழறுமாயின் உள்ளே இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

இங்கே மலைக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. இரத்தம் இழந்த உடல் தன் வெப்பத்தையும் இழக்கிறது. குளிர்ந்த உடலில் இரத்தம் உறையும் திறன் குறைகிறது. உறையாத இரத்தம் மேலும் ஒழுகுகிறது. மேலும் ஒழுகவே உடல் மேலும் குளிர்கிறது. இச்சுழலில் அகப்பட்டவரை மீட்பது வல்லுநர்க்கும் அரிது. கம்பத்தின் வெயிலில் அடிபட்டவருக்கும் மெட்டின் மூடுபனியில் அடிபட்டவருக்கும் காயம் ஒன்றாயினும் காலம் ஒன்றன்று. ஜீப்பில் கிடக்கும் கம்பளி, சாக்கு, தார்ப்பாய், உடன் வந்தோரின் சால்வை ஆகிய எதையேனும் கொண்டு அவரை மூடுவது மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். நனைந்த துணியை அகற்றிவிட்டு மூடுவது அதனினும் நன்று.

இரத்தத்துக்கு முன்பாகவே உயிரைப் பறிப்பது மூச்சு. நினைவிழந்தவர் மல்லாந்து கிடக்கும்போது நாக்கு பின்னோக்கிச் சரிந்து தொண்டையை அடைக்கும். வாந்தியும் இரத்தமும் மூச்சுக்குழலில் இறங்கும். வேறெவ்விதக் காயமும் கொல்லாத ஒருவரை இந்த ஓர் அடைப்பு நான்கைந்து நிமிடத்தில் கொன்றுவிடும். விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்தினாலோ, வெளியேறும் காற்று நெஞ்சறைக்குள் சிறைப்பட்டு நுரையீரலையும் இருதயத்தையும் நெருக்கும். அதற்குப் பரிகாரம் மிக எளிது: நெஞ்சில் ஓர் ஊசியையோ குழாயையோ செலுத்திக் காற்றை வெளியேற்றிவிடுதல். ஆனால் நோய் இன்னதென்று அறிந்தவர் அருகில் இருத்தல் வேண்டும்.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. ஊழியத்தின் நிமித்தம் வடநாட்டு நகரமொன்றில் வசித்தபோது, ஓர் இரவு, தமிழ் தெரிந்தவர் வேண்டுமென்று ஒரு மருத்துவமனைக்கு எம்மை அழைத்துச் சென்றனர். நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் அங்கே படுத்திருந்தார். காலில் கட்டுப் போட்டு ஒரு மூலையில் விட்டிருந்தனர். அவர் விடாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முத்து என்னும் உறவினரை அழைக்கிறார் என்று ஊழியர்கள் எண்ணி, அப்பெயரைத் தாளிலும் குறித்து வைத்திருந்தனர். குனிந்து கேட்டால், அவர் சொல்லிக்கொண்டிருந்தது, "மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது" என்பதே. அதனை இந்தியில் சொன்ன மாத்திரத்தில் இளம் மருத்துவர் ஒருவர் ஓடிவந்து நெஞ்சில் குழாய்க் கருவியை வைத்துக் கேட்டார். அடுத்த கால் மணியில் சிறைப்பட்டிருந்த காற்று வெளியேற்றப்பட்டது. ஓட்டுநர் பிழைத்தார். இருபது ஆண்டுகளாக எத்தனையோ அரசாணைகளை மொழிபெயர்த்திருக்கிறோம். அந்த இரண்டு சொற்களைப்போல் பயன்பட்ட மொழிபெயர்ப்பு வேறொன்றும் எமக்கு நினைவில்லை.

அடிபட்டவர் முதலில் சென்று சேரும் இடம் பெரும்பாலும் பெரிய மருத்துவமனையாக இராது. கம்பம்மெட்டுக்கு இது முழுவதும் பொருந்தும். கீழே இறங்கினால் கம்பத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ கம்பத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால், க.விலக்கில் உள்ளது, மதுரை அதற்கும் அப்பால். மேலே சென்றால் நெடுங்கண்டம், கட்டப்பனை ஆகிய ஊர்களில் தாலுகா மருத்துவமனைகள் உண்டு. கோட்டயம் மருத்துவக் கல்லூரியை அடைய மலை முழுவதையும் கடந்து இறங்கவேண்டும். எனவே உயிர் நிற்பதும் போவதும் முதலில் எட்டும் சிறிய மருத்துவமனையின் கையில் இருக்கிறது.

இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட விதம் துயரமானது. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு மருத்துவர் தம் குடும்பத்தாருடன் சிறு விமானமொன்றைத் தாமே ஓட்டிச் சென்றபோது, அது அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து வயலில் வீழ்ந்தது. மனைவி அவ்விடத்திலேயே மாண்டார். காயமுற்ற குழந்தைகளைத் தாமே பேணி, சாலைக்குச் சென்று வண்டியொன்றை மறித்து, அருகிலிருந்த கிராமத்து மருத்துவமனையை அடைந்தார். அங்கே கதவு பூட்டியிருந்தது. திறந்தபின்னும், கடுங்காயம் பட்டவரை எவ்வரிசையில் பார்ப்பது என்பதே அங்கிருந்தோர்க்குத் தெரியவில்லை. குளிர்ந்த வயலில் வெறுங்கையோடு தாம் செய்த சிகிச்சை மருத்துவமனையில் கிடைத்ததைவிட மேலாக இருந்தது கண்டு அவர் மனம் வெதும்பினார். அம்மனக்கொதிப்பிலிருந்து பிறந்ததுதான், 1978-இல் தொடங்கி இன்று உலகெங்கும் மருத்துவர்கள் பயிலும் காயச் சிகிச்சைப் பயிற்சி. முதலில் மூச்சுவழி, அடுத்து சுவாசம், அடுத்து இரத்த ஓட்டம், பிறகே மற்றவை என்னும் ஒழுங்கு அது. நோய் இன்னதென்று முற்றும் அறிவதற்கு முன்பே, எது முதலில் கொல்லுமோ அதனை முதலில் பார் என்பது அதன் சாரம். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டா. பயின்ற ஒரு மருத்துவரும் இரு செவிலியரும் போதும்.

மருந்திலும் அவ்வாறே. டிரானெக்சாமிக் அமிலம் என்று ஒரு மருந்து உண்டு. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான ஒக்கமோட்டோ தம்பதியர் 1962-இல் உலகுக்கு அறிவித்தது. உறைந்த இரத்தம் மீண்டும் கரைந்துபோகாதபடி காப்பது. இதன் பயனை 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோரிடம் சோதித்து 2010-இல் முடிவு வெளியிட்டனர். மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 16 பேர் இறந்தனர், பெற்றோரில் 14.5 பேர். ஒன்றரைதானே என்று தோன்றலாம். இலட்சம் பேரில் அது 1,500 உயிர். இம்மருந்து விலை குறைந்தது. சிறிய மருத்துவமனையிலும் இருப்பு வைக்கத்தக்கது. ஆனால் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்; அதற்குப்பின் கொடுத்தால் நன்மைக்கு மாறாகத் தீமையும் விளையலாம் எனக் கண்டனர். மெட்டிலிருந்து மதுரைக்குக் கொண்டுசென்று அங்கே ஊசி போடலாம் என்றிருப்பவர்க்கு அந்த மூன்று மணி நேரம் வழியிலேயே கழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் இத்துறையில் நடந்துள்ள வேலை குறைவானதன்று. 2008 செப்டம்பரில் 108 அவசர ஊர்தி தொடங்கிற்று. 2017-க்குப்பின், அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தி, சிவப்பில் உள்ளவரை உடனே பார்க்கும் முறை பரப்பப்பட்டது. 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்ற எவருக்கும், அவர் எம்மாநிலத்தவராயினும் எந்நாட்டவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. தொடக்கத்தில் உச்ச வரம்பு ஓர் இலட்சம் ரூபாய். 'எல்லைக்குள்' என்பதனை நேயர்கள் கவனிக்கவேண்டும். சோதனைச் சாவடிக்குக் கீழே கவிழும் ஜீப்புக்கு இது பொருந்தும். மேலே கவிழ்ந்தால் பொருந்தாது. அங்கே கேரளத்து ஏற்பாடுகளும் மத்திய அரசின் திட்டமுமே துணை.

மத்திய அரசின் திட்டத்துக்குப் பின்னே நீண்ட வழக்காடல் இருக்கிறது. ஸ்கூட்டரில் சென்று அடிபட்ட ஒருவரை மருத்துவமனை ஏற்காமல், போலீஸ் வழக்குக்குரிய நோயாளியைப் பார்க்க அதிகாரம் பெற்றது வேறு மருத்துவமனை என்று 20 கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே இறந்த செய்தி பத்திரிகையில் வந்தது. அதனை எடுத்துக்கொண்டு பரமானந்த கட்டாரா உச்ச நீதிமன்றம் சென்றார். அரசு மருத்துவராயினும் தனியாராயினும் முதலில் உயிரைக் காக்கவேண்டும், சடங்குகள் பிறகு என்று 1989-இல் தீர்ப்பாயிற்று. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை மருத்துவர் இராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கு இந்த வரிசையில் நமக்குப் பெருமை தருவது. முறிந்த கால்களைப் பொருத்திப் பொருத்திச் சலித்த ஒருவர், முறியாமலிருக்க வழி உண்டா என்று நீதிமன்றத்தைக் கேட்ட வழக்கு அது. அதன் விளைவாக 2014-இல் சாலைப் பாதுகாப்புக்கு நீதிபதி இராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைந்தது. அவ்வழக்கிலேயே 2025 ஜனவரியில் நீதிமன்றம் கண்டிப்பாக ஆணையிட்ட பிறகு, அவ்வாண்டு மே மாதத்தில் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் எச்சாலையிலும் மோட்டார் வாகனத்தால் காயமுற்றவர்க்கு, ஏழு நாட்கள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில் சிகிச்சை உண்டு. குறிக்கப்படாத மருத்துவமனையும் உயிரை நிலைப்படுத்தியே அனுப்பவேண்டும். பஞ்சாபில் லாரி ஓட்டுபவருக்கும், சூரத்தில் ஆலையில் உழைப்பவருக்கும், வண்டன்மேட்டில் ஏலக்காய் பறிப்பவருக்கும் இது ஒன்றே. மருத்துவமனை வாயிலில் பணம் கட்டச் சொன்னால் இத்திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தயங்கவேண்டா.

உதவி செய்தால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்னும் அச்சம் நம்மவரிடம் மிகுதி. அயல் மாநிலத்தில் இருப்போரிடம் இன்னும் மிகுதி. அந்த அச்சத்துக்கு முன்பு காரணம் இருந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றமும், 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அக்காரணத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ தொடர இயலாது; பெயரையும் முகவரியையும் சொல்லும்படி அவரை வற்புறுத்தவும் கூடாது. விரும்பினால் சாட்சி சொல்லலாம். மருத்துவமனையில் விட்டுவிட்டுத் தம் வழியே போகவும் செய்யலாம்.

அங்கே நிற்கும் நம் கைகள் என்ன செய்யவேண்டும்? பீறிடும் இரத்தத்தின்மீது மடித்த துணியை வைத்து, முழு உடல் எடையையும் கொடுத்து அழுத்தி, வண்டி வரும்வரை எடுக்காமலிருக்கவேண்டும். எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் நம்மவர் வழக்கம். பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்தது கலைந்துவிடும். நினைவின்றி மூச்சு விடுபவரைக் கழுத்து திரும்பாமல், தலையும் உடலும் ஒருசேர, மூவர் சேர்ந்து பக்கவாட்டில் ஒருக்களிக்க வேண்டும். தண்ணீரோ சோடாவோ வாயில் ஊற்றுதல் ஆகாது. தாகம் என்று கெஞ்சுவார், மனம் கேளாது, ஆயினும் ஊற்றலாகாது. தீயோ, வண்டி மேலும் உருளும் அபாயமோ இல்லையெனில் கையையும் காலையும் பற்றி இழுத்து வெளியே போடுவதும் தவறு. முதுகெலும்பு அப்போதுதான் அறுபடுகிறது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர் சட்டைப் பையில் ஒரு சிறு அட்டை வைத்திருப்பது நன்று. தம் பெயர், இரத்த வகை, ஒவ்வாத மருந்து, நாட்பட்ட நோய், இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை அம்மாநில மொழியிலும் தமிழிலும் எழுதி வைக்கலாம். கைப்பேசி பூட்டியிருந்தாலும் திரையில் தெரியுமாறு உறவினர் எண்ணைப் பதியும் வசதி இப்போது உண்டு. பிள்ளைகளைக் கேட்டால் செய்து கொடுப்பர். எம்மாநிலத்திலும் 112 என்னும் எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் 108 நேரே அவசர ஊர்திக்குச் செல்லும்.

எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. மெட்டின்மீது நிற்கும்போது கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தின் அலையைப் பற்றுகிறதோ, அந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறைக்கே அழைப்பு போய்ச் சேரக்கூடும். ஆகவே எடுத்தவுடன், கம்பத்துப் பக்கம் இறங்கும் சாலையா, நெடுங்கண்டம் செல்லும் சாலையா என்பதைச் சொல்லிவிட வேண்டும். வளைவுக்கு எண் எழுதிய பலகை தென்பட்டால் அவ்வெண்ணையும், இல்லையேல் அருகிலுள்ள தோட்டத்தின் பெயரையும், காயமுற்றோர் எத்தனை பேர், அவர்களில் பேசாதவர் எத்தனை பேர் என்பதையும் சொல்லவேண்டும். அவர்கள் வைக்கச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது. எதிர்முனைக் குரல் மலையாளமாயின் கலங்கவேண்டா. ஊர்ப்பெயரை மெதுவாக இருமுறை சொன்னால் போதும். கம்பம்மெட்டு இரு மொழியிலும் கம்பம்மெட்டுதான்.